மூன்று பழைய கார், கட்டிவிட்ட ஆயிரம் வெள்ளி: இனி என்ன செய்வது?

சிங்கப்பூர் உட்லண்ட்சிலிருந்து ஒரு வாசகர் நீளமாக எழுதியிருக்கிறார். அடையாளம் தெரியாதபடி சுருக்கித் தருகிறேன்.

வயது 38. துவாசில் ஒரு தொழிற்சாலையில் தொழில்நுட்பராக இருக்கிறார். காலை ஏழு முதல் இரவு ஏழு வரை, அல்லது இரவு ஏழு முதல் காலை ஏழு வரை என்று 12 மணி நேர ஷிப்ட். நான்கு நாள் வேலை, நான்கு நாள் ஓய்வு. கம்பெனி பஸ் நின்றுபோனதிலிருந்து சக ஊழியர் ஒருவரின் காரில் பெட்ரோல் செலவைப் பகிர்ந்துகொண்டு போய்வருகிறார். அந்த ஊழியர் விரைவில் வேலையை விடப்போகிறார். வீட்டில் மனைவி, நாலு வயதிலும் எட்டு வயதிலும் இரண்டு பிள்ளைகள், சக்கர நாற்காலியில் இருக்கும் அம்மா. அம்மாவை வாரம் மூன்று முறை யீஷூனில் ரத்தச் சுத்திகரிப்புக்குக் கூட்டிப்போக வேண்டும், இப்போது டாக்சியில். காருக்காக 28,000 வெள்ளி சேர்த்திருக்கிறார். மாதத் தவணை 900 வரை முடியும் என்கிறார்.

மூன்று கார்களைப் பார்த்து வைத்திருக்கிறார். முதலாவது உபியில் ஒரு டீலரிடம் உள்ள டொயோட்டா ஆல்டிஸ்: 23,800 வெள்ளி, சிஓஇ (காரைச் சாலையில் ஓட்டும் உரிமைச் சான்றிதழ்) இன்னும் 16 மாதம். இதற்கு ஒரு தாளில் கையெழுத்துப் போட்டு 1,000 வெள்ளி முன்பணமும் கட்டிவிட்டார். இரண்டாவது மார்சிலிங்கில் ஒருவர் சொந்தமாக ஓட்டும் ஹோண்டா ஃப்ரீட்: வயது 12, சிஓஇ ஐந்து வருடத்துக்குப் புதுப்பித்து மூன்று வருடம் மிச்சம், 33,000 வெள்ளி. மூன்றாவது இன்னொரு டீலரிடம் உள்ள ஆறு வருட டொயோட்டா சியெந்தா: 62,000 வெள்ளி, நான்கு வருடம் மிச்சம், 'கையிலிருந்து ஒரு காசும் போட வேண்டாம்' என்கிறார்களாம். மச்சானோ, 'சிவப்பு எண் பலகை வண்டி (வாரநாள் பகலில் ஓட்டக்கூடாத கார்) எடு, அதுதான் மலிவு' என்கிறார். 'எது மலிவு, எது நம்பிக்கையானது? முன்பணம் திரும்பக் கிடைக்குமா? ஆறு மாதத்துக்கு லெமன் சட்டம் (குறையுள்ள பொருளை வாங்கியவரைக் காக்கும் சட்டம்) இருக்கிறதே, பிறகு ஏன் பயப்பட வேண்டும் என்று டீலர் கேட்கிறார், அது சரியா?' இவை அவருடைய கேள்விகள்.

இனி உங்களிடமே பேசுகிறேன். நான் ஒரு வழக்கறிஞர்தான், மெக்கானிக் அல்ல. ஆனால் கார் வாங்கிவிட்டு மனம் நொந்து வருகிறவர்களின் காகிதங்களைப் புரட்டுவது என் வேலையில் பாதி. பெரும்பாலும் தகராறு எஞ்சினில் தொடங்குவதில்லை. வாயால் சொன்னது ஒன்று, தாளில் இருந்தது வேறொன்று, அங்கேதான் தொடங்குகிறது.

அவசரமானதை முதலில் பார்ப்போம்

கையெழுத்திட்ட தாளை எடுத்து, அதில் இரண்டு இடங்களைத் தேடுங்கள். 'சோதனையில் குறை தெரிந்தால் முன்பணம் திரும்பத் தரப்படும்' என்றோ, 'வங்கிக் கடன் கிடைக்காவிட்டால்' என்றோ ஏதாவது வரி உண்டா? 'உள்ளது உள்ளபடி விற்கப்படுகிறது, முன்பணம் திரும்பாது' என்ற வரி உண்டா? உங்கள் கடிதத்தைப் பார்த்தால் இரண்டாவது வரி இருக்கிறது, முதலாவது இல்லை. அப்படியானால், மனம் மாறிவிட்டது என்பதற்காக மட்டும் நீங்கள் விலகினால் அந்த ஆயிரத்தை அவர்கள் வைத்துக்கொள்ள இடமுண்டு. முன்பணம் என்பதே வாக்குக்குப் பிணை என்றுதான் சட்டம் பார்க்கிறது.

ஆனால் உங்களிடம் இன்னொன்று இருக்கிறது. பணம் கட்டும் முன் விற்பனையாளர் வாட்ஸ்அப்பில் 'ஒரே உரிமையாளர், விபத்து இல்லை, எங்கு வேண்டுமானாலும் செக் பண்ணிக்கலாம் பிரதர்' என்று எழுதியதாகச் சொல்கிறீர்கள். அந்தச் செய்தியை அழித்துவிடாதீர்கள். படம் பிடித்து மனைவியின் கைபேசிக்கும் ஒரு பிரதி அனுப்பி வையுங்கள். அதை நம்பித்தான் பணம் கட்டினீர்கள், பின்னால் அது பொய் என்று தெரிந்தது என்றால், முன்பணம் மட்டுமல்ல, ஒப்பந்தமே ஆட்டம் காணும். உண்மைக்கு மாறாகச் சொல்லி விற்பது பயனீட்டாளர் பாதுகாப்புச் சட்டப்படி நியாயமற்ற வணிகச் செயல்.

ஆகவே இன்றே அதே வாட்ஸ்அப்பில் மரியாதையாக இரண்டு வரி எழுதுங்கள்: வண்டியைத் தனி நிலையத்தில் சோதிக்க விரும்புகிறேன், நாள் சொல்லுங்கள். வாகனப் பதிவு விவரம் முழுவதையும் அனுப்புங்கள். ஒத்துக்கொண்டால் நல்லது. 'இங்கேயே எங்கள் ஆள் பார்த்துவிட்டார்' என்று மழுப்பினால், அதுவே உங்களுக்குப் பதில். அந்த ஆயிரத்துக்காக மிச்சம் 22,800 வெள்ளியைக் கொண்டுபோய்க் கொட்ட வேண்டாம். சிங்கப்பூர்ப் பயனீட்டாளர் சங்கத்தில் புகார் கொடுக்கலாம். அதில் தீரவில்லை என்றால் சிறு கோரல்கள் நடுவர் மன்றம் இருக்கிறது. 20,000 வெள்ளி வரையிலான வழக்கை அங்கே இரண்டு ஆண்டுகளுக்குள் கொண்டுபோகலாம், இரு தரப்பும் இசைந்தால் 30,000 வரை. உங்களைப் போன்ற பயனீட்டாளர் 5,000 வெள்ளிக்கு உட்பட்டதைக் கேட்டால் மனுக் கட்டணம் 10 வெள்ளிதான். என்னைப் போன்ற ஆட்களை உள்ளே விடமாட்டார்கள், நீங்களேதான் பேச வேண்டும். அதுவும் நல்லதுக்குத்தான்.

விலையைப் பார்க்காதீர்கள், மாதத்தைப் பாருங்கள்

23,800 என்பதால் ஆல்டிஸ்தான் மலிவு என்று எடுத்துக்கொண்டுவிட்டீர்கள். இந்த ஊரில் பழைய கார் வாங்குகிறவர் இரும்பை மட்டும் வாங்கவில்லை, சாலையில் ஓட்ட மிச்சமிருக்கும் காலத்தை வாங்குகிறார். ஆகவே விலையிலிருந்து, கடைசியில் திரும்பக் கிடைக்கும் தொகையைக் கழித்து, மிச்சமுள்ள மாதத்தால் வகுக்க வேண்டும்.

பத்து வருடம் முடிவதற்குள் பதிவை ரத்து செய்தால், முதலில் கட்டிய கூடுதல் பதிவுக் கட்டணத்தில் ஒரு பகுதி திரும்ப வரும். ஒன்பதுக்கும் பத்துக்கும் இடையில் ரத்து செய்தால், உங்கள் இரண்டு டொயோட்டாவுக்கும் அது 50 விழுக்காடு. பதிவு விவரத்தில் 'குறைந்தபட்ச பார்ஃப்' என்று ஒரு வரி இருக்கும், அதுதான் இந்தத் தொகை. ஆல்டிசுக்கு 9,500 என்று நீங்களே குறித்திருக்கிறீர்கள். 23,800 கழித்தல் 9,500, அதாவது 14,300. அதை 16 மாதத்தால் வகுத்தால் மாதம் ஏறக்குறைய 894 வெள்ளி. ஃப்ரீட் ஏற்கெனவே சிஓஇ புதுப்பித்த வண்டி, அதற்குப் பார்ஃப் கிடையாது, புதுப்பித்த அன்றே போய்விட்டது. 33,000 வகுத்தல் 36, மாதம் 917. சியெந்தாவுக்குப் பார்ஃப் 9,000 என்றால் 53,000 வகுத்தல் 48, மாதம் 1,104.

பார்த்தீர்களா, விலையில் பெரிய இடைவெளி உள்ள முதல் இரண்டு வண்டிக்கும் மாதக் கணக்கில் இடைவெளி இருபத்துச் சில்லறை வெள்ளிதான். அதோடு ஆல்டிசில் இன்னொரு சிக்கல். 16 மாதம் கண்மூடித் திறப்பதற்குள் போய்விடும். அப்போது புதுப்பிக்கலாமே என்பீர்கள். புதுப்பிக்கக் கட்ட வேண்டியது, கடைசி மூன்று மாத சிஓஇ விலைகளின் சராசரி. ஐந்து வருடத்துக்கு அதில் பாதி. 2025இல் சிறிய கார்களுக்கான 'ஏ' பிரிவே 100,000 வெள்ளியைத் தாண்டிப் போனது. அந்தக் கணக்கில் பாதி என்றாலும் உங்கள் மொத்தச் சேமிப்பைப் போல் இரண்டு மடங்கு. பார்ஃப் தொகையையும் அதோடு விட்டுக்கொடுக்க வேண்டும்.

ஃப்ரீடில் வேறு மாதிரிக் குறை. ஐந்து வருடத்துக்குப் புதுப்பித்த சிஓஇயை இன்னொரு முறை நீட்டிக்க முடியாது. மூன்று வருடம் கழித்து வண்டி போய்த்தான் ஆக வேண்டும், கையில் கிடைப்பது சில நூறு வெள்ளி. பத்து வருடம் தாண்டிய வண்டிக்குச் சாலை வரியும் ஏறும். 1.5 லிட்டர் காருக்குச் சாதாரணமாக ஆண்டுக்கு 680 வெள்ளி அளவில் வரும் வரிமேல், பன்னிரண்டு வயது தாண்டியதும் 30 விழுக்காடு, அடுத்த ஆண்டு 40, பிறகு 50. கட்டாயச் சோதனையும் இரண்டு ஆண்டுக்கு ஒரு முறை அல்ல, ஆண்டுதோறும்.

அப்புறம் அந்த 900. தவணை மட்டும்தான் செலவு என்று நினைத்து எழுதியிருக்கிறீர்கள். துவாசுக்கு ஒரு வழிக்கு முப்பது கிலோமீட்டர் போல. மாதம் பதினைந்து ஷிப்ட், அதற்கு மேல் குடும்ப ஓட்டம். பெட்ரோல் 300 வெள்ளிக்குக் குறையாது. வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) கூரையுள்ள கார்பார்க் மாத அட்டை 110. காப்பீடு, உங்களுக்கு நாலு வருட உரிமம் இருந்தாலும் சொந்தக் கார் இருந்ததில்லை என்பதால் கோரல் இல்லாச் சலுகை (காப்பீட்டில் இழப்பீடு கேட்காமல் ஓட்டிய ஆண்டுகளுக்கான தள்ளுபடி) சுழியம். ஆகவே மாதக் கணக்கில் 140 என்று வைத்துக்கொள்ளுங்கள், காரை முடிவு செய்யும் முன்பே விலை கேட்டுவிடுங்கள். சாலை வரி, டயர், சர்வீஸ், இஆர்பி (மின்னியல் சாலைக் கட்டணம்) எல்லாம் சேர்த்தால் தவணை தவிர்த்தே மாதம் 800 வெள்ளியை ஒட்டி வரும். இப்போது நண்பருக்குக் கொடுக்கும் பெட்ரோல் காசும் டாக்சிச் செலவில் ஒரு பகுதியும் மிஞ்சும் என்பதால் உங்களால் தாங்கக்கூடிய மொத்தம் 1,300 என்று கணக்கிடுகிறேன். அதற்குள் தவணைக்கு இடம் 500தான், 900 இல்லை.

இந்தக் கணக்கில் சியெந்தா உட்காராது. 70 விழுக்காடு கடன் எடுத்தால் தவணையே ஆயிரத்தைத் தொடும். ஃப்ரீடுக்குக் கையிலிருந்து 20,000 போட்டு 13,000 கடன் எடுத்தால், 2.78 விழுக்காட்டு வட்டியில் மூன்று வருடத்துக்கு மாதம் 391. மொத்தம் ஏறக்குறைய 1,200. சேமிப்பில் 8,000 மிச்சம் நிற்கும், அதைத் தொடாதீர்கள், பழைய வண்டி என்றால் அது வேண்டும். பழைய சிஓஇ வண்டிக்கு வங்கிகள் வட்டியைக் கூட்டிச் சொல்லக்கூடும், அதையும் விசாரியுங்கள்.

அந்த 2.78 என்பதும் உண்மையான வட்டி இல்லை. தொடக்கக் கடன் தொகைமீதே கடைசி மாதம் வரை வட்டி போடுகிறார்கள், நீங்கள் பாதியை அடைத்த பிறகும். நான்கு வருடக் கடனுக்கு அது உண்மையில் ஐந்தேகால் விழுக்காட்டை ஒட்டி வரும். வங்கியிடம் 'நடைமுறை வட்டி விகிதம் என்ன?' என்று கேட்டால் சொல்லியாக வேண்டும். பாதியில் அடைத்தால் பெரிதாக மிச்சமாகும் என்றும் எண்ண வேண்டாம். வட்டியின் பெரும்பகுதியை முதல் மாதங்களிலேயே எடுத்துக்கொள்ளும் முறையில்தான் பல ஒப்பந்தங்கள் இருக்கின்றன.

'ஒரு காசும் வேண்டாம்' என்றால்

சிங்கப்பூர் நாணய ஆணையத்தின் விதிப்படி, திறந்த சந்தை மதிப்பு (வரி சேராத இறக்குமதி மதிப்பு) 20,000 வெள்ளி வரையுள்ள காருக்கு வங்கியோ நிதி நிறுவனமோ விலையில் 70 விழுக்காடு வரைதான் கடன் தரலாம். அதற்கு மேற்பட்ட மதிப்புக்கு 60. கடன் காலம் ஏழு ஆண்டுக்கு மேல் கூடாது. அப்படியிருக்க, மிச்ச 30 விழுக்காடு எங்கிருந்து வருகிறது என்று அந்த டீலரிடம் நேராகக் கேளுங்கள். சில இடங்களில் விலையை ஏற்றி எழுதி வங்கியிடம் கூடுதலாக வாங்குவார்கள். அந்தத் தாளில் கையெழுத்துப் போடுவது நீங்கள். பொய் விலை காட்டிக் கடன் வாங்குவது மோசடி, 'டீலர் சொன்னார்' என்பது அப்போது உதவாது. இன்னும் சிலர் சொந்தக் கடன் என்று அதிக வட்டிக்குத் தருவார்கள். இரண்டுமே வேண்டாம்.

மச்சான் சொன்ன சிவப்பு எண் பலகை வண்டியைப் பற்றி: அவர் சொல்வதில் பாதி நியாயம் உண்டு, அதனால்தான் அது ஆபத்து. வாரநாளில் காலை ஏழு முதல் மாலை ஏழு வரை ஓட்டக்கூடாது, அவ்வளவுதானே, பகல் ஷிப்டுக்கு ஏழுக்குள் போய்ச் சேர்ந்துவிடுகிறேன், ஏழுக்குப் பிறகுதான் கிளம்புகிறேன் என்று தோன்றும். இரவு ஷிப்டை நினைத்துப் பாருங்கள். மாலை ஆறு மணிக்குக் கிளம்ப வேண்டும், காலை ஏழரைக்குத் திரும்ப வேண்டும், இரண்டும் தடைநேரம். ஒரு நாளுக்கான மின்உரிமம் 20 வெள்ளி. வாரநாட்களில் தொடர்ந்து நான்கு இரவு என்றால் ஐந்து நாளுக்கு 100 வெள்ளி. ஓய்வு நாளில் அம்மாவைப் பகலில் யீஷூனுக்குக் கூட்டிப்போனால் அதற்கும் தனி 20. மலிவெல்லாம் அங்கேயே கரைந்துவிடும்.

உங்கள் கடிதத்தில் நீங்கள் கேட்காத ஒன்று எனக்கு உறுத்தியது. வேலை நாட்களில் கார் துவாசில் நிற்கும். அன்றைக்கு அம்மா எப்படிப் போவார்? மனைவிக்கு உரிமம் இல்லை என்கிறீர்கள். கார் வந்தாலும் டாக்சி முழுதாக நிற்கப்போவதில்லை. சிகிச்சை நிலையத்தில் உள்ள மருத்துவ சமூக ஊழியரிடம், துணைக்கு ஆளோடு அழைத்துச் செல்லும் மருத்துவப் போக்குவரத்துச் சேவையைப் பற்றிக் கேளுங்கள். குடும்ப வருமானத்தைப் பொறுத்து மானியமும் உண்டு. அது கிடைத்தால், உங்களுக்கு உண்மையில் கார் வேண்டுமா, துவாசுக்குப் போகும் இன்னொரு சக ஊழியர் போதுமா என்றுகூட யோசிக்கலாம். வாங்காமலிருப்பதும் ஒரு முடிவுதான்.

ஜோகூர் போய்ப் பெட்ரோல் போட்டால் செலவு குறையும் என்று ஓரத்தில் எழுதியிருந்தீர்கள். இங்கே பதிவான கார் முக்கால் டேங்க் நிறைந்திருந்தால்தான் சோதனைச் சாவடியைக் கடக்கலாம். அந்தப் பக்கம் வெளிநாட்டு வண்டிக்கு மானிய விலை ரோன்95 பெட்ரோல் விற்க மாட்டார்கள், நுழைவு உரிமமும் வாங்கியிருக்க வேண்டும். அந்த யோசனையை விட்டுவிடுங்கள்.

லெமன் சட்டம் எதைக் காக்கும், எதைக் காக்காது

2012 செப்டம்பர் முதல் நடப்பில் இருக்கும் இந்த ஏற்பாடு பழைய கார்களுக்கும் பொருந்தும், அதுவரை டீலர் சொன்னது சரி. வாங்கிய ஆறு மாதத்துக்குள் ஒரு கோளாறு வெளிப்பட்டால், அது விற்கும்போதே இருந்தது என்று எடுத்துக்கொள்ளப்படும். இல்லை என்று நிரூபிப்பது அவர் பொறுப்பு. ஆனால் ஆறு மாத உத்தரவாத அட்டை கையில் இருப்பதுபோல் பேசுகிறாரே, அது தவறு. ஒன்பது வருட வண்டியின் பிரேக் பேட், ரப்பர் புஷ், பேட்டரி தேய்ந்துபோவது கோளாறு ஆகாது, வயதுக்கேற்ற தேய்மானம். சொல்லிவிட்டே விற்ற குறைக்கும் இடமில்லை. கோளாறு உண்மையென்றாலும் முதலில் பழுதுபார்த்துத் தரும் வாய்ப்பு விற்றவருக்கு. அது நியாயமான காலத்தில் நடக்காவிட்டால்தான் விலைக் குறைப்பு, பணத்தைத் திரும்பக் கேட்பது எல்லாம். அவரிடம் சொல்லாமல் வெளி ஒர்க்‌ஷாப்பில் கியர்பாக்சைப் பிரித்துவிட்டு ரசீதோடு வருகிறவர்கள் தங்கள் வழக்கைத் தாங்களே பலவீனமாக்கிக்கொள்கிறார்கள்.

'உள்ளது உள்ளபடி' என்ற வரியைக் காட்டி டீலர் இந்த உரிமைகளைத் துடைத்துப் போட முடியாது. ஆனால் ஒன்றைக் கவனியுங்கள். ஒப்பந்தத்தில் விற்பவர் பெயர் யாருடையது? டீலரின் கடையில் நிற்கும் வண்டி சில சமயம் டீலருடையதாக இருக்காது. உரிமையாளர் விற்றுத்தரச் சொல்லி நிறுத்தியிருப்பார், டீலர் தரகர் மட்டுமே. அப்படியென்றால் 'நாங்கள் விற்கவில்லை' என்ற வாதம் வரும், வழக்கு இழுபடும். உபி ஆல்டிசின் தாளில் இதைப் பாருங்கள்.

தனி மனிதர் தனி மனிதருக்கு விற்பதற்கு லெமன் சட்டம் கிடையாது. அதாவது உங்கள் கணக்குக்குப் பொருந்தும் ஃப்ரீட்தான் சட்டத்தின் பாதுகாப்பு குறைந்த வண்டி. அதற்காக அதைத் தள்ள வேண்டியதில்லை. அவர் சொன்ன விவரத்துக்கு வண்டி பொருந்தாவிட்டாலோ, தெரிந்தே பொய் சொல்லியிருந்தாலோ அவர்மீதும் கோரலாம், சிறு கோரல்கள் மன்றத்திலேயே. ஆனால் என்ன சொன்னார் என்பது எழுத்தில் இருக்க வேண்டும்.

வண்டியைப் பார்க்கப் போகும்போது

'போன மாதம்தான் சோதனையில் பாஸ்' என்றார்களாம். கட்டாயச் சோதனை பார்ப்பது பிரேக், விளக்கு, புகை போன்ற சாலைத் தகுதியை. கியர்பாக்ஸ் இன்னும் எவ்வளவு நாள் தாங்கும், முன்பக்கம் இடித்து ஒட்டவைத்ததா என்பதெல்லாம் அதில் வராது. அதற்குத் தனியாக, பழைய கார் மதிப்பீட்டுச் சோதனை இருக்கிறது. விகோம், எஸ்டிஏ போன்ற நிலையங்களில் முன்பதிவு செய்து செய்யலாம். 33,000 வெள்ளி கொடுக்குமுன் அந்தக் கட்டணத்தைக் கணக்குப் பார்க்காதீர்கள்.

அதற்கு முன் நீங்களே செய்யக்கூடியவை சில. காலையில் போங்கள், 'நான் வரும்வரை ஸ்டார்ட் செய்யாதீர்கள்' என்று சொல்லிவிட்டு. போனதும் பானட்டில் கை வையுங்கள். சூடாக இருந்தால் முன்கூட்டியே ஓடவிட்டிருக்கிறார், ஏன் என்று கேளுங்கள். சீட் பெல்ட்டை முழுதாக வெளியே இழுத்தால் அடியில் தைத்த துணித்துண்டில் தயாரிப்புத் தேதி இருக்கும். காரின் வயதோடு நாலு பெல்ட் ஒத்துப்போய் ஒன்று மட்டும் புதிதாக இருந்தால் அந்தப் பக்கம் ஏதோ நடந்திருக்கிறது. முன்னிருக்கைக்கு அடியில் தரை விரிப்பைத் தூக்கி ஈரமா என்று தடவிப் பாருங்கள். பிறகு பல மாடிக் கார்பார்க்குக்கு ஓட்டிப்போய், ஸ்டியரிங்கை முழுக்க ஒடித்து மெதுவாகச் சுற்றி மேலே ஏறுங்கள். திரும்பும் பக்கம் டக் டக் என்று சத்தம் வந்தால் டிரைவ் ஷாஃப்ட். 'டி'யில் போட்டதும் ஒரு நொடி தயங்கி உதறினால் கியர்பாக்ஸ், அந்த வண்டி வேண்டாம். கிலோமீட்டர் எண்ணை மட்டும் நம்பாமல் ஒர்க்‌ஷாப் ரசீதுகளைக் கேட்டு வாங்கி ஒப்பிடுங்கள். சொந்தமாக ஓட்டுகிற கார் இங்கே ஆண்டுக்கு 15,000, 20,000 கிலோமீட்டர் ஓடுவது சாதாரணம். வாடகைக்கு ஓடிய வண்டி அதைப்போல் பல மடங்கு ஓடியிருக்கும், பதிவு விவரத்தில் எத்தனை கைமாறியது என்பதையும் பாருங்கள்.

முக்கியமாக, குடும்பத்தோடு போங்கள். 1.35 மீட்டருக்குக் குறைவான பிள்ளைகளுக்குத் தகுந்த இருக்கை கட்டாயம், உங்களுக்கு இரண்டு வேண்டும். இரண்டையும் பின்னால் மாட்டிவிட்டு, மனைவி எங்கே உட்காருவார், அம்மாவின் மடக்கு நாற்காலி எங்கே போகும் என்று அங்கேயே வைத்துப் பாருங்கள். ஆல்டிசின் பின்னிருக்கையில் இரண்டு பிள்ளை இருக்கைக்கு நடுவே ஒரு பெரியவர் துவாசு வரை அல்ல, யீஷூன் வரைகூட உட்கார்ந்து வர முடியாது. ஃப்ரீடுக்கும் சியெந்தாவுக்கும் நழுவும் கதவு இருப்பது வீவக கார்பார்க்கின் குறுகலான இடத்தில் அம்மாவை இறக்கும்போது பெரிய வசதி. அந்தக் கதவைப் பத்து முறை திறந்து மூடுங்கள், வயதான வண்டியில் அதன் மோட்டார் திணறும்.

ஆக என் யோசனை: ஃப்ரீட், ஆனால் சோதனையில் தேறினால் மட்டும். தேறாவிட்டால் அதே வகையில் இன்னொன்று தேடுங்கள், அவசரத்தில் ஆல்டிசுக்குத் திரும்ப வேண்டாம்.

ஃப்ரீடுக்கான தாள்

வாங்குவதென்று ஆனால், மார்சிலிங் நண்பரோடு உட்கார்ந்து ஒரு பக்கத்தில் எழுதிக்கொள்ளுங்கள். இரு தரப்புப் பெயர், வண்டி எண், சேசிஸ் எண், அன்றைய கிலோமீட்டர், விலை. அவருக்குத் தெரிந்த விபத்து எது, மாற்றிய பெரிய பாகம் எது. வண்டிமேல் கடன் இருக்கிறதா. இருந்தால் எவ்வளவு பாக்கி என்று அவருடைய வங்கி தரும் கடிதம் இணைக்கப்பட வேண்டும், அந்தப் பணம் நேராக வங்கிக்கே போக வேண்டும். முன்பணம் கேட்டால் சில நூறு வெள்ளி கொடுங்கள், 'மதிப்பீட்டுச் சோதனையில் பெரிய குறை இருந்தாலோ கடன் கிடைக்காவிட்டாலோ முழுதும் திரும்பத் தரப்படும்' என்ற வரியோடு. உபியில் விட்டுப்போனது இந்த ஒரு வரிதான். புதிய இஆர்பிக்கான கருவி பொருத்தியாயிற்றா என்பதையும் கேட்டுவிடுங்கள். தனியாரிடம் கடன் போட்டு வாங்க நடுவில் ஒரு முகவர் வழியாகக் காகித வேலை செய்ய வேண்டி வரலாம், அவர் கட்டணத்தையும் முன்கூட்டியே எழுத்தில் வாங்குங்கள்.

உரிமை மாற்றம் நிலப் போக்குவரத்து ஆணையத்தின் இணையத்தளத்தில் நடக்கும். அவர் தொடங்க வேண்டும், நீங்கள் சிங்பாஸ் வழியாக ஏற்க வேண்டும். அதற்கு முன் உங்கள் பெயரில் காப்பீடு நடப்பில் இருந்தாக வேண்டும், ஆகவே காப்பீட்டை அந்தத் தேதிக்கே தொடங்குங்கள். மீதிப் பணத்தை முந்தைய நாளே அனுப்பிவிடாதீர்கள். இருவரும் ஒரே மேசையில் உட்கார்ந்து, மாற்றம் திரையில் உறுதியான பிறகு அனுப்புங்கள். சாவி கைமாறிய தேதியையும் மணியையும் அதே தாளில் குறித்து இருவரும் கையெழுத்துப் போடுங்கள். அன்று காலை அவர் ஓட்டியபோது விழுந்த அபராதம் யாருடையது என்று பின்னால் வாதாட வேண்டியிருக்காது.